புழுங்கலரிசியும் ஜெலெபுச் சோதனையும்: மலாயாவில் ஒப்பீட்டு மருத்துவ ஆய்வின் தொடக்கம்

நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரைப் பற்றி எழுதுவோர் கங்காணியையும் கள்ளுக்கடையையும் விடுவதில்லை. அவர்கள் உண்ட அரிசி மருத்துவ ஆய்வு முறையின் வரலாற்றில் இடம்பெற்றதை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை வாட்டிய நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் அதே ஊரில் உழைத்த தமிழரை அது அநேகமாகத் தொடவில்லை. தொற்று ஆள் பார்த்தா வரும்? நெகிரி செம்பிலானின் அரசு அறுவை மருத்துவர் பிராடன் அடுப்படியைப் பார்த்தார். தமிழர் உண்டது புழுங்கலரிசி. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தேங்கிய பச்சரிசியில் நஞ்சு உண்டாகிறது என்று 1907இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். நஞ்சு என்றது பிழை. அரிசியைச் சுட்டியது சரி.

இதற்குள் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் ஃபிளெட்சர் ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு பிரிவாகவும் பிரித்தார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. ஓராண்டில் பச்சரிசிப் பிரிவில் பெரிபெரியால் 18 பேர் இறந்தனர். மற்றதில் ஒருவரும் இல்லை.

அடுத்த களம் நெகிரி செம்பிலானே. மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 1907இல் ஜெலெபு வட்டாரத்து டுரியான் டீப்புஸில், காட்டுக்குள் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரை இரு அணியாக்கினர். ஏறத்தாழ மூன்று மாதத்தில் பச்சரிசி அணியில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் புதிய நோயாளிகள் வருவது நின்றது. புழுங்கலரிசி அணிக்குப் பச்சரிசி கொடுத்தபோது அங்கே நோய் கிளம்பியது. இப்படி மாற்றிப் பார்த்ததுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. ஆளோ இடமோ காரணம் என்று அதன்பின் சொல்ல முடியவில்லை. தவிட்டோடு ஒரு சத்து போய்விடுவதே காரணம் என்று அவர்கள் பின்னர் நிறுவினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியை ஒட்டிய அச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது. தயமின் எனும் அதை 1926இல் ஜாவாவில் பிரித்தெடுத்தார்கள்.

இன்றைய புற்றுநோய் ஆய்வுகளும் இரு அணிகளை ஒப்பிடும் இதே எலும்புக்கூட்டில்தான் நிற்கின்றன. முன் சிகிச்சைகளுக்குப் பிறகும் முற்றிய பெருங்குடல் புற்றுநோய் கொண்ட 492 பேரிடம் நடந்த ‘சன்லைட்’ ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. டிரைஃபுளூரிடின்-டிபிராசில் மாத்திரையோடு பெவாசிசுமாப் சேர்த்தபோது, இடைநிலை ஆயுட்காலம் 7.5 மாதத்திலிருந்து 10.8 மாதமானது. இத்தனை சிறிய இடைவெளியை ஒப்பீட்டு அணி இல்லாமல் கண்டறிய வழியில்லை. ஜெலெபுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒப்புதலில்தான். இன்று நோயாளி விவரமறிந்து கையெழுத்திட்ட பிறகே ஆய்வில் சேர்க்கப்படுகிறார். 1964 ஹெல்சிங்கி அறிக்கைக்குப் பிந்தைய நெறி இது. மனநோய் விடுதியில் வரிசையில் நின்றவர்களால் மறுத்திருக்க முடியுமா என்பது என் ஐயம்.

ஆய்வுக்கு வித்திட்ட உணவு தமிழருடையது. ஜெலெபுவில் ஆய்வுக்கு உடலைத் தந்தவர்கள் ஜாவானியர். தோட்டத்து அரிசிப் படி, தோட்ட ஆஸ்பத்திரி பற்றிய பழைய பதிவுகளை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மாணவர்கள் இந்தக் கோணத்தில் தேடிப் படிக்க வேண்டும்.