வண்டலிலிருந்து மண்வள அட்டை வரை: மதுரைச் சமவெளியில் நெல்வயல் ஊட்டத்தின் வரலாறு

முன்னுரை

மதுரை நகருக்கு மேற்கே சமணர்மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள கீழக்குயில்குடி, தீர்த்தங்கரர் சிற்பங்களாலும், 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகளாலும் வரலாற்று ஆய்வாளர்களுக்கு நன்கு அறிமுகமான ஊராகும். வேளாண் வரலாற்று நோக்கிலும் இவ்வூர் சார்ந்த நிலப்பகுதி கருதத்தக்கது. குன்றும் மேட்டுநிலமும் மழைநீரை வடியவிட, கண்மாய் அதைத் தேக்க, கண்மாய்க்குக் கீழே நன்செய் விளைய, எஞ்சிய மேட்டில் புன்செய்யும் மேய்ச்சலும் நிகழ்வது மதுரைச் சமவெளி ஊர்களின் பொது அமைப்பாகும். இந்த அமைப்பில் நீர் எவ்வழியே கீழிறங்கியதோ அவ்வழியே பயிருக்கான ஊட்டமும் வயலை வந்தடைந்தது. அவ்வழி எவ்வாறு உருவானது, உர மூட்டையின் வருகையால் எவ்வாறு மாறியது, இன்று எந்த அளவுக்கு மீட்கப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மண்வளம் என்பது பயிருக்கு வேண்டிய சத்துகளை ஏற்ற வடிவில், ஏற்ற காலத்தில் வழங்கும் மண்ணின் ஆற்றலாகும். சத்துகளின் இருப்போடு, இலைதழையும் சாணமும் வேரும் மட்கிச் சேர்ந்த அங்ககக் கரிமம், மண்துகள்களின் கட்டமைப்பு, நுண்ணுயிர்களின் இயக்கம் ஆகியவையும் அதைத் தீர்மானிக்கின்றன. மதுரை வட்டாரத்தில் பரவலாகக் காணப்படும் செம்மண், கரிசலைவிட நீரையும் சத்தையும் குறைவாகவே பிடித்துவைப்பது. அங்ககக் கரிமமும் தழைச்சத்தும் அதில் குறைவு. ஆகவே இம்மண்ணில் நெல் விளைவித்தவர்கள் ஆண்டுதோறும் வெளியிலிருந்து ஊட்டம் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர்களாயினர்.

1. கண்மாயும் கிடையும்: பொதுவில் இருந்த ஊட்டம்

பழைய முறையின் முதல் தூண் வண்டல். நீர்பிடிப்புப் பகுதியில் பெய்யும் மழை, நுண்ணிய களிமண்ணையும் மேய்ச்சல் நிலத்துச் சாணத்தையும் உதிர்ந்த இலைகளையும் அடித்துவந்து கண்மாயில் படியவிடும். கோடையில் கண்மாய் வற்றியதும் குடியானவர்கள் அவ்வண்டலை வண்டிகளில் ஏற்றி வயலில் பரப்புவர். களித்தன்மை மிகுந்த வண்டல் செம்மண்ணோடு கலக்கும்போது, நீரைப் பிடித்துவைக்கும் திறனும், அம்மோனியம், பொட்டாசியம் போன்ற சத்துகளைக் கரைந்தோடாமல் பற்றிவைக்கும் திறனும் உயர்கின்றன. அதே வேலையால் கண்மாயின் கொள்ளளவும் காக்கப்பட்டது. தமிழகத்தில் ஏரிகளைப் பேணும் ஏற்பாடுகள் நெடுங்காலமாக இருந்தன என்பதை, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குறிப்பிடும் ஏரி வாரியம் காட்டும். ஊரார் கூடி நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்து வழக்கம் தளர்வதைக் கண்ட ஆங்கில அரசு, 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தால் அதை நிலைநிறுத்த முயன்றது.

இரண்டாம் தூண் கிடை. அறுவடை முடிந்த வயலில் ஆடுகளையோ மாடுகளையோ இரவில் அடைத்துவைத்து, அவற்றின் சாணமும் சிறுநீரும் நேரடியாக மண்ணில் சேரும்படி செய்வதே கிடை போடுதலாகும். மந்தையின் தலைவரான கீதாரிகள், வயல்காரரிடம் நெல்லாகவோ பணமாகவோ கூலி பெற்று ஊர் ஊராக மந்தையை நகர்த்தினர். மதுரை, சிவகங்கை வட்டாரங்களில் பெருங்கூட்டமாக மேய்க்கப்படும் புலிக்குளம் மாடுகள், சல்லிக்கட்டுக் காளைகளாகப் புகழ்பெறும் அதே வேளையில், கிடைமாடுகளாகவும் வயலுக்கு எருவூட்டி வந்துள்ளன. குப்பைமேட்டில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் எருவிலிருந்து தழைச்சத்தின் ஒரு பகுதி ஆவியாகவும் கரைசலாகவும் இழக்கப்படும். கிடையில் அவ்விழப்பு குறைவு.

மூன்றாம் தூண் தழையுரம். கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, வேம்பு, புங்கம் ஆகியவற்றின் தழைகளை மேட்டிலிருந்து வெட்டிக் கொணர்ந்து சேற்றில் மிதித்து மட்கச் செய்தனர். கொழிஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு ஆகியன வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிர் ஏற்கும் வடிவுக்கு மாற்றுவன என்பதால், அவை வயலுக்குப் புதிதாகத் தழைச்சத்தைக் கொண்டுவந்தன.

இம்மூன்றுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. கண்மாய், மேய்ச்சல், மேட்டுத்தழை ஆகிய அனைத்தும் தனி வயலின் வரப்புக்கு வெளியே இருந்தவை; அவற்றைப் பெறும் உரிமையும் முறையும் ஊர் வழக்கத்தால் வரையறுக்கப்பட்டவை. அம்முறைக்கு எல்லையும் இருந்தது. பரந்த மேட்டுநிலத்தின் சத்து சிறிய நன்செய்யில் குவிக்கப்பட்டதால், நன்செய்ப் பரப்போ பயிர்ப் போகமோ பெருகும்போது எரு போதாமற்போவது இயல்பு. 1895இல் முல்லைப்பெரியாறு அணை திறக்கப்பட்டு மதுரைச் சமவெளியின் ஒரு பகுதிக்கு நீர் உறுதியானபோது, அவ்வயல்களில் அடுத்த தட்டுப்பாடாக நின்றது ஊட்டமே எனலாம். எந்தச் சத்து மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலின் எல்லையைத் தீர்மானிக்கும் என்று செருமானிய வேதியியலாளர் லீபிக் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய கோட்பாடு இந்நிலைக்குப் பொருந்துகிறது.

2. சோதனை நிலங்களின் தோற்றம்

சென்னை மாகாணத்தில் பயிர் ஊட்டம் குறித்த அறிவியல் ஆய்வு சைதாப்பேட்டையில் தொடங்கியது. அங்கு 1868இல் ஏற்பட்ட வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, வேளாண் கல்லூரியாக வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. இதற்கிடையே, 1889இல் இந்தியா வந்து பல மாகாணங்களைப் பார்வையிட்ட ஆங்கில வேளாண் வேதியியலாளர் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில், இந்திய உழவரின் திறனைப் பாராட்டியதோடு, விறகுப் பஞ்சத்தால் சாணம் அடுப்பெரிக்கப் போவதே மண்ணின் பேரிழப்பு என்றும் சுட்டினார். 1906இல் இராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலை தொடங்கப்பட்டபோது, மண்ணுக்கு வெளியிலிருந்து விலைகொடுத்து வாங்கும் ஊட்டம் என்னும் கருத்து தமிழ்நாட்டில் தொழிலாக உருப்பெற்றது.

1909இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட நிலையான உரச் சோதனை இவ்வரலாற்றில் முதன்மையானது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் 1843 முதல் நடைபெற்றுவந்த சோதனையைப் போல, ஒரே பாத்திக்கு ஒரே உரத்தை ஆண்டுக்கணக்கில் இட்டு, விளைச்சலும் மண்ணும் அடையும் மாற்றத்தை அளப்பதே அதன் முறை. ஒரு பருவச் சோதனையில் தழைச்சத்து மட்டும் இட்ட பாத்தியும் செழித்துத் தோன்றலாம். மற்றச் சத்துகளின் இருப்பு கரைந்த பின்னரே அதன் குறை புலப்படும். 1970களின் தொடக்கத்திலிருந்து இந்தியாவின் பல இடங்களில் நடத்தப்பட்ட நீண்டகால உரச் சோதனைகளும், தழைச்சத்தை மட்டும் இட்டால் விளைச்சல் தேய்வதையும், சமச்சீரான உரத்தோடு தொழுவுரமும் சேரும் இடத்தில் விளைச்சலும் அங்ககக் கரிமமும் நிலைபெறுவதையும் காட்டின.

3. உர மூட்டையின் வருகை

விடுதலைக்குப் பின் உணவுப் பற்றாக்குறை நெருக்கியபோது, 1960–61இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்குத் தஞ்சாவூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால், பழைய நெடிய நெல் இரகங்களுக்கு மிகுதியாகத் தழைச்சத்து இட்டால் அவை சாய்ந்துவிடும். அதனால் உரத்தின் பயன் மணியாகத் திரளாது. 1960களின் நடுவில் வெளிவந்த ஆடுதுறை 27, 1966இல் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர். 8 ஆகியவை உரத்தை ஏற்று மணியாக்கும் தன்மையால் அத்தடையை நீக்கின. மதுரையில் 1965இல் வேளாண் கல்லூரி தொடங்கப்பட்டதும், 1970களில் மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியா ஆலைகள் இயங்கத் தொடங்கியதும் இவ்விரகங்களும் உரமும் பரவத் துணை நின்றன.

விளைச்சல் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஊட்டம் கடையில் கிடைக்கும் தனிப்பொருளானதும், வண்டல் அள்ளுதலும் கிடை போடுதலும் தழை வெட்டுதலும் கூலிச் செலவாகத் தோன்றலாயின. பசுமைப் புரட்சியின் முன்னோடியான எம்.எஸ். சுவாமிநாதனே, 1968இல் வாரணாசியில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில், மண்ணின் வளத்தையும் கட்டமைப்பையும் காக்காத தீவிரச் சாகுபடி நிலத்தைப் பாலையாக்கும் என்று எச்சரித்தார். 1966இல் பந்த்நகரில், நெல்லில் பரவிய கைரா எனும் நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் எனக் கண்டறியப்பட்டமை அவ்வெச்சரிக்கைக்கு முன்னரே கிடைத்த சான்றாகும். நீர் தேங்கிய வயலில் ஆக்சிசன் குறைவதால் மணிச்சத்து எளிதாகக் கிடைக்கும்; துத்தநாகமோ கிடைப்பது அரிதாகும். போகத்துக்குப் போகம் மகசூல் உயர்ந்தபோது, யாரும் கணக்கில் வைக்காத அந்த நுண்சத்தே எல்லைக்கோடாயிற்று. எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடும் பரிந்துரை இப்பின்னணியில் தமிழக நெல் சாகுபடியில் நிலைபெற்றது.

விலைக் கொள்கையும் சமச்சீரைக் குலைத்தது. 1992இல் மணி, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா அதற்குள் கொண்டுவரப்படவில்லை. மலிவான யூரியாவின் பசுமை கண்ணுக்கு உடனே தெரிவதால், வயலில் அதன் பங்கு மிகுந்தது.

4. அளவைத் தேடிய முயற்சிகள்

எந்த வயலுக்கு எவ்வளவு என்னும் வினாவுக்கு விடை காண, 1955–56இல் நாட்டில் 24 மண் ஆய்வுக்கூடங்கள் தொடங்கப்பட்டன. இதில் அடுத்த பெரும் முன்னேற்றம், 1967இல் மண் அறிவியலாளர் ராமமூர்த்தியும் உடன் பணியாற்றியோரும் வகுத்த விளைச்சல் இலக்கு முறையாகும். ஒரு குவிண்டால் தானியம் விளையப் பயிர் எடுக்கும் சத்து, அதில் மண் தரும் பங்கு, இட்ட உரத்திலிருந்து உண்மையில் பயிருக்குச் சேரும் பங்கு ஆகிய மூன்றையும் களத்தில் அளந்து, விரும்பும் மகசூலுக்குத் தேவையான உரத்தை இம்முறை கணக்கிடுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோயம்புத்தூர் மையம் இம்முறையில் தமிழக மண்வகைகளுக்கு ஏற்ற சமன்பாடுகளை உருவாக்கியது.

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் ஆகிய 12 கூறுகளை உழவர் கையில் எழுத்தாகக் கொடுத்தது. மண் ஆய்வு இல்லாத இடத்தில், நடுத்தர, நீண்டகால நெல் இரகங்களுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்தும், மணி, சாம்பல் சத்துகள் தலா 50 கிலோவும் பொதுப் பரிந்துரையாக உள்ளன. தழைச்சத்தை ஒரே முறையில் இடாமல், அடியுரமாகவும், தூர் கட்டும் பருவத்திலும், கதிர் உருவாகும் பருவத்திலும், கதிர் வெளிவரும் பருவத்திலும் பிரித்திடுவது, நீருடன் கரைந்தும் வாயுவாகியும் போகும் இழப்பைக் குறைக்கும். இலையின் பச்சையை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு மேலுரத்தை முடிவுசெய்யும் முறையும் இதே நோக்குடையது.

5. வைக்கோலும் வண்டலும்: இன்றைய நிலை

அளவு அறியப்பட்ட பின்னும் சுழற்சி அறுபட்டே உள்ளது. நெற்பயிர் எடுத்த சாம்பல் சத்தின் பெரும்பகுதி மணியில் சேர்வதில்லை, வைக்கோலிலேயே தங்குகிறது. முன்பு வைக்கோல் மாட்டுக்குத் தீவனமாகி, சாணமாகி வயலுக்குத் திரும்பியது. உழவு மாடுகள் குறைந்து, இயந்திர அறுவடைக்குப் பின் வைக்கோல் கட்டுகளாக வெளியூருக்கு விற்கப்படும்போது, வயலின் சாம்பல் சத்தும் அதனோடு ஊரைவிட்டுப் போகிறது. சேற்றுழவின்போது தக்கைப்பூண்டை எக்டேருக்கு 6.25 டன் அளவில் மடக்கி உழுவது தழைச்சத்தையும் அங்ககக் கரிமத்தையும் கூட்டும். வைக்கோலோடு போன சாம்பல் சத்தை அது மட்டும் ஈடுசெய்யாது.

கண்மாயை மீண்டும் வயலோடு இணைக்கும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகம் திட்டம், 1992 முதல் கண்மாய்ப் பாசன உழவர்களைச் சங்கங்களாக ஒருங்கிணைத்தது. 2017இல் தமிழக அரசு, உழவர்கள் கட்டணமின்றி வண்டல் அள்ள வழிவகுத்து, ஏக்கருக்கு நன்செய்யாயின் 75 கன மீட்டர், புன்செய்யாயின் 90 கன மீட்டர் என வரம்பு வகுத்தது. 2024–25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம், 206 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு பசுந்தாள் உர விதை வழங்குவதையும் உள்ளடக்கியது. ஆயினும், நகரக் கழிவுநீர் கலக்கும் கண்மாய்களின் வண்டல் பழைய வண்டலுக்கு நிகராகாது; உப்பும் கன உலோகங்களும் இல்லையென உறுதிசெய்த பின்னரே அதை வயலில் சேர்த்தல் தகும்.

முடிவுரை

மதுரைச் சமவெளியின் வரலாறு, இயற்கை எருவா இரசாயன உரமா என்னும் இருமுனை வாதத்துக்கு இடம் தரவில்லை. பழைய முறை சத்தைச் சுழற்றியது, ஆனால் இரு போக நெல்லுக்கு அது போதவில்லை. புதிய முறை சத்தைப் பெருக்கியது, ஆனால் சுழற்சியைக் கைவிட்டது. மண் ஆய்வு ஒரு வயலின் குறையை அளந்து சொல்லும். அக்குறை மீண்டும் மீண்டும் நேராமல் காப்பதற்கு நீர்பிடிப்புப் பகுதி, கண்மாய், மந்தை, வைக்கோல் ஆகியவை ஊரின் பொதுக் கணக்கில் திரும்ப இடம்பெற வேண்டும். கீழக்குயில்குடி போன்ற நகர விளிம்பு ஊர்களில் மேய்ச்சலும் வரத்துக்கால்களும் வீட்டுமனைகளாகும் இன்றைய நிலையில், மண்வள அட்டை வழங்கும் துறைகள் கண்மாய்ச் சங்கங்களோடு இணைந்து, ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரே ஊட்டத் திட்டம் வகுப்பதே தானிய விளைச்சலை நிலையாக உயர்த்தும் வழியாகும்.