மீனாகப் பிறந்த ஊர்வன

ஸ்டாகனோலெபிஸ் ராபர்ட்சோனி உலகத்துக்கு அறிமுகமானது மீனாகத்தான். ஆண்டு 1844. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், எல்ஜின் வட்டார மணற்கல்லில் பதிந்திருந்த சில தகடுகளின் தடத்தை வைத்து லூயி அகாசிஸ் அதற்குப் பெயர் சூட்டினார். புதைபடிவ மீன்கள் விஷயத்தில் அன்று அவர் வைத்ததுதான் சட்டம். தகட்டின் நடுவிலிருந்து நாலாபுறமும் விரியும் குழிகள், ஒன்றின் விளிம்பின்மேல் மற்றது ஏறி உட்காரும் அடுக்கு. பெரிய செதில் கொண்ட மீன் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. அந்தப் பக்கத்துச் செம்மணற்கல்லில் டெவோனியன் காலத்து மீன்கள்தானே கிடைத்துக்கொண்டிருந்தன!

பிறகு எலும்புகளின் தடங்களும் வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்த தாமஸ் ஹக்ஸ்லி, இது மீனே அல்ல, முதலைக்கு உறவான ஊர்வன என்று 1859-இல் எழுதினார். ஒரு சிக்கல் தீர்ந்தது, அதைவிடப் பெரியது முளைத்தது. பாறை டெவோனியன் என்றால், மீன்கள் ஆண்ட காலத்திலேயே மூன்று மீட்டர் நீள ஊர்வன எப்படி வந்தன? மர்ச்சிசன் போன்ற பெரிய நிலவியலாளர்களே பாறையின் வயதை விட்டுக்கொடுக்கத் தயங்கினார்கள்.

முடிச்சை அவிழ்த்தது இன்னொரு பிராணி. அதே மணற்கல்லில் கிடைத்த ஹைப்பரோடாபிடான் என்ற ஊர்வனவின் உறவுகள் இங்கிலாந்தின் டிரயாசிக் பாறைகளிலும் இருந்தன. எல்ஜினில் இருப்பது ஒரே மணற்கல் அல்ல, இரண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், அவற்றுக்கு இடையே பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. மீன்கள் பழைய பாறைக்குச் சொந்தம். ஸ்டாகனோலெபிஸ் ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிரயாசிக்குச் சொந்தம்.

ஆனாலும் முழு உருவம் கிடைக்க இன்னும் நெடுநாள் ஆனது. எல்ஜின் கல்லை உடைத்தால் பல இடங்களில் எலும்பு இருக்காது. அது கரைந்துபோய், அதன் வடிவத்தில் வெற்றிடம் மட்டும் இருக்கும். அதற்குள் அச்சு வார்த்து எடுத்தால்தான் எலும்பைப் பார்க்க முடியும். 1961-இல் அலிக் வாக்கர் வெளியிட்ட விரிவான ஆய்வில்தான் பிராணி எழுந்து நின்றது: சிறிய தலை, பல்லில்லாத மூக்கு நுனி, மண்ணைக் கிளறும் பன்றியினுடையதுபோல் சற்றே மேல்நோக்கிய மூஞ்சி, முளைக்குச்சி போன்ற பற்கள். முதுகிலும் வயிற்றிலும் வால் வரைக்கும் தகடுகள். இந்தப் போர்வைக்குள் இருந்தது கிழங்கையும் வேரையும் தோண்டித் தின்றிருக்கக்கூடிய தாவர உண்ணி.

அகாசிஸைக் கேலி செய்வது எளிது. எனக்கு மனம் வரவில்லை. ஸ்டாகனோலெபிஸ் சேர்ந்த ஏட்டோசார் குடும்பத்தில் எலும்புக்கூடு முழுதாகக் கிடைப்பது அபூர்வம். ஒவ்வொரு விலங்கும் ஏராளமான தகடுகளை விட்டுச் செல்வதால் பெரும்பாலும் அவைதான் மிஞ்சுகின்றன. அவற்றின் மேலுள்ள குழி, வரம்பு, முகடு ஆகியவற்றின் ஒழுங்கைப் பார்த்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். அகாசிஸ் படித்த எழுத்து சரியான எழுத்துதான், அகராதிதான் வேறு.

எல்ஜினில் கண்ட இந்த ஜோடி இந்தியாவிலும் உண்டு. தெலங்கானாவில் பிராணஹிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கின் மலேரிப் பாறைகளிலும் ஹைப்பரோடாபிடான் உண்டு. கூடவே ஏட்டோசார் தகடுகளும். அந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஓர் ஏட்டோசாருக்கு 2023-இல் குட்டிசூக்கஸ் என்று பெயரிட்டார்கள்.