இல்லாத தனிமம்: கொரோனியத்தின் கதை

முழு சூரிய கிரகணத்தின்போது நிலா சூரியனை மறைத்ததும், கறுப்புத் தட்டைச் சுற்றி வெள்ளையாக ஓர் ஒளிவட்டம் தெரியும். அதுதான் கொரோனா, சூரியனின் வெளி வளிமண்டலம். (வைரஸுக்கு அந்தப் பெயர் வந்ததும் இந்த ஒளிவட்டத்தைப்போல இருப்பதால்தான்!) இந்த ஒளியில் இருந்த ஒரு பச்சைக் கோடு, விஞ்ஞானிகளை எழுபது வருடம் சுற்ற விட்டது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1859-60இல் ஜெர்மனியில் கிர்க்காஃப், புன்சன் இருவரும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு தனிமமும் சூடான வாயுவாக இருக்கும்போது தனக்கென்று சில நிறக்கோடுகளை மட்டும் உமிழும். கைரேகை மாதிரி. ஆக, ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் சூரியனில் என்ன இருக்கிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவில் முழு கிரகணம். பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் குண்டூரில் இருந்து பார்த்தார். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் கோடுகள் மிகப் பிரகாசமாக இருந்ததால், கிரகணம் இல்லாமலே அவற்றைப் பார்க்க முடியும் என்று கண்டுபிடித்தார். அதே வழியை இங்கிலாந்தில் லாக்யர் தனியாகக் கண்டுபிடித்தார். அங்கே தெரிந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் சோடியம் இல்லை. இது புதுத் தனிமம் என்று சொல்லி லாக்யர் ஹீலியம் என்று பெயர் வைத்தார். பலர் நம்பவில்லை. 1895இல் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து ஹீலியத்தைப் பிரித்துக் காட்டியதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இனி நம்ம பச்சைக் கோடு. 1869 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில் சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் இருவரும் தனித்தனியாக இதைக் கொரோனாவில் பார்த்தார்கள். அலைநீளம் 530.3 நானோமீட்டர். தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. பின்னாளில் இதற்குக் 'கொரோனியம்' என்று பெயர் வந்தது. ஹீலியம் ஜெயித்த பிறகு இதன் மேல் நம்பிக்கை இன்னும் கூடியது. ஹைட்ரஜனை விட லேசான தனிமமாக இருக்கும் என்று மெண்டலீவே எழுதினார்.

சிக்கல் 1913இல் வந்தது. தனிமங்களை அணு எண்ணால் வரிசைப்படுத்த வேண்டும் என்று மோஸ்லி காட்டினார். ஹைட்ரஜன் 1, ஹீலியம் 2. நடுவிலும் இடமில்லை, முன்னாலும் இடமில்லை. பிறகு கொரோனியத்தை எங்கே உட்கார வைப்பது?

1927இல் ஒரு துப்பு கிடைத்தது. விண்முகில்களில் இருப்பதாக நம்பிய 'நெபுலியம்' என்ற தனிமம், உண்மையில் இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் என்று போவன் நிரூபித்தார். மிக மெல்லிய வாயுவில் அணுக்கள் அடிக்கடி மோதிக்கொள்வதில்லை. அதனால் நம் ஆய்வகத்தில் சாதாரணமாகத் தோன்றாத கோடுகள் அங்கே தோன்றும்.

இதே பாதையில் போன ஜெர்மனியின் குரோட்ரியானும், ஸ்வீடனின் எட்லெனும் கொரோனாவின் முடிச்சை 1939க்கும் 1943க்கும் இடையில் அவிழ்த்தார்கள். அந்தப் பச்சைக் கோடு எதனுடையது தெரியுமா? சாதாரண இரும்பு! ஆனால் தன் 26 எலக்ட்ரான்களில் 13ஐ இழந்த இரும்பு.

விடை கிடைத்த இடத்திலேயே அதை விடப் பெரிய கேள்வி முளைத்தது. இரும்பிலிருந்து 13 எலக்ட்ரான்களை உரித்தெடுக்க பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்தான். அடுப்பை விட்டு விலக விலக அனல் கூடினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது சூரியன். காந்தப்புலம்தான் காரணம் என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்து உண்டு. அந்தச் சக்தி அலைகளாக மேலே போகிறதா, எண்ணற்ற சின்னச் சின்ன வெடிப்புகளாக வெளிவருகிறதா, இரண்டும் எந்த அளவுக்கு என்பதில்தான் விவாதம்.

கொரோனியம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனால் அதைத் தேடாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி நமக்கு எப்போது தெரிந்திருக்குமோ! 2023 செப்டம்பர் 2 அன்று இஸ்ரோ ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில் கொரோனாவைப் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது கவனிப்பதற்காகத் தேர்ந்தெடுத்த கோடுகளில் ஒன்று, அதே 530.3 நானோமீட்டர் பச்சைக் கோடு.