ஆறும் கிணறும் வேறல்ல

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே சென்றால் செவிலிமேட்டை அடுத்துப் பாலாறு குறுக்கிடுகிறது. கோடையில் அங்கு நின்று பாருங்கள். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மணல்தான். "ஆறு வற்றிவிட்டது" என்பீர்கள். ஆனால் மணலுக்கடியில் நீர் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். காஞ்சி மக்களின் குடிநீரில் ஒரு பகுதி பாலாற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்தே வருகிறது. அது ஆற்று நீரா, நிலத்தடி நீரா?

இவ்வினாவுக்கு நம் முன்னோர் மண்வெட்டி கொண்டே விடை கண்டனர். ஆற்று மணலில் நீர்மட்டம் வரை ஆழமாகக் கால்வாய் வெட்டினர். இதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். ஆற்றின் சரிவைவிடக் கால்வாயின் சரிவு குறைவு. ஆகவே மணலில் கசிந்த நீர், சற்றுத் தொலைவு ஓடியபின் தானாகவே நிலமட்டத்தை எட்டி வயலில் பாய்ந்தது. ஏற்றமும் வேண்டியதில்லை, கவலையும் வேண்டியதில்லை. ஊற்றுக்கால் மெலிந்தால் நிலத்தடி நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று உழவர் அறிந்துகொள்வர். பாசனத்துக்கு வெட்டிய கால்வாயே அளவுகோலாகவும் இருந்தது!

இதைக் கணக்காக்கியவர் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி டார்சி. டிஜோன் நகரில் மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திச் சோதித்து, 1856-இல் தம் விதியை வெளியிட்டார். இரண்டு இடங்களின் நீர்மட்ட வேறுபாடு இருமடங்கானால், மணலூடே செல்லும் நீரும் இருமடங்காகும் என்பது அதன் சாரம். எனவே ஆற்றின் மட்டத்தையும் அருகிலுள்ள கிணற்றின் மட்டத்தையும் அளந்தால், எது எதற்கு நீர் ஊட்டுகிறது என்று கூறிவிடலாம்.

1941-இல் அமெரிக்க அறிஞர் தைஸ் இன்னொன்றைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆற்றருகே கிணற்றில் தொடர்ந்து இறைத்தால், அந்நீரில் ஆற்றின் பங்கு நாளடைவில் கூடிக்கொண்டே போகும். கிணற்றில் இறைப்பது ஆற்றிலும் இறைப்பதே அல்லவா?

வேறு வழிகளும் உண்டு. ஆற்று நீரின் வெப்பம் பகலிரவாக ஏறி இறங்கும்; நிலத்தடி நீரின் வெப்பமோ அதிகம் மாறாது. படுகையில் வெப்பமானியைப் புதைத்தால் கசிவின் திசை தெரியும். ஏரி நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் முந்திச் செல்லும். ஆக்சிஜன்-18 கொண்ட கனமானவை பின்தங்கும். இந்த அடையாளம் கிணற்று நீரில் தென்பட்டால், ஏரி நீர் அங்கே வந்து கலந்திருக்கிறது எனலாம்.

இவையெல்லாம் ஏட்டுக் கல்வி மட்டுமல்ல. காஞ்சிக்கு மேற்கே, பாலாற்றின் மேற்பகுதியில் உள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றையும் கெடுத்தது; கிணறுகளையும் கெடுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதில் தீர்ப்பளித்தது. படுகை மணலை அள்ளினாலோ நீரைத் தேக்கும் இடம் குறைகிறது. படுகை தாழ, ஊற்றுக்காலின் தலைப்பு நீருக்கு எட்டாமல் மேலே நின்றுவிடுகிறது.

குடிக்கவும் நீர் வேண்டும். பட்டுக்குச் சாயமேற்றவும் நீர் வேண்டும். அடுத்த முறை வறண்ட பாலாற்றைக் காணும்போது, உங்கள் ஊர்க் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே நீர்தான்.