மறந்த கை மீண்டும் கற்கிறது



விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போகிறவர்களைக் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கூலாயிலும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் நாம். பட்டையில் உளி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று அவர்கள் அளந்து பார்ப்பதில்லை. சற்றுக் குறைந்தால் பால் வராது. சற்றுக் கூடினால் மரத்தில் காயம். கிராணியின் ஏச்சு வேறு. அந்த அளவு கைக்குத் தெரியும் என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் தெரிந்து வைத்திருப்பது மூளை. எத்தனையோ மரங்களைக் காயப்படுத்தித்தான் அது அந்தப் பாடத்தைப் படித்தது!

அப்படிப்பட்ட ஒருவர் பக்கவாதத்தால் விழுந்துவிட்டால், "கை போய்விட்டது" என்று சொல்லிவிடுகிறோம். சோறு ஊட்டுகிறோம், சட்டை மாட்டிவிடுகிறோம், பாசத்தோடு மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம். ஆனால் கை போகவில்லை. அந்தக் கையை நடத்திய மூளைப் பகுதிதான் இரத்த ஓட்டம் தடைபட்டோ இரத்தம் கசிந்தோ கெட்டுப்போயிருக்கிறது. அதன் வேலையை மூளையின் மற்றப் பகுதிகள் கற்றுக்கொள்ளுமா? கற்றுக்கொள்ளும் என்பதற்கான சான்றுகளில் சில நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டோடு தொடர்புடையவை. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோயாளி என்றால் ஒதுக்கி வைப்பதுதான் வழக்கம். நம் நாட்டிலும் 1930இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நோயால் நரம்பு கெட்டு, விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிவிடும். பிராண்ட் அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கைச் சிறு தசைகள் செத்திருந்தன. முன்கைத் தசைகளோ வலுவாக இருந்தன. 1948 வாக்கில், மோதிர விரலை மடக்கும் தசைநார்களில் ஒன்றை எடுத்து, செயலிழந்த விரல்களுக்கு மாற்றித் தைக்கும் அறுவையைத் தொடங்கினார். மோதிர விரலுக்கு இரண்டு தசைநார்கள் உண்டு. ஒன்றை எடுத்தாலும் மற்றது அதை மடக்கும்.

அறுவையோடு வேலை முடிந்துவிடவில்லை. நம் பேச்சுக்கு முக்கியமான இடம் இதுதான். கட்டை அவிழ்த்ததும் "கட்டைவிரலை அசை" என்றால் நோயாளியால் முடியாது. "மோதிர விரலை மடக்கு" என்றால் கட்டைவிரல் அசையும்! மூளைக்கு இன்னும் பழைய முகவரிதான் தெரியும். நோயாளி தம் கையையே உற்றுப் பார்த்து, நூறு முறை, ஆயிரம் முறை அசைத்து அசைத்துப் பழகினார். சில வாரங்களில், மோதிர விரலை நினைக்காமலே கட்டைவிரல் சொன்னபடி கேட்டது. அந்தக் கைகளுக்குத் தொடு உணர்ச்சியே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிராண்டால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் திறந்துவிட்டான். விரல் எலும்பு தெரியக் கிழிந்தது அவனுக்குத் தெரியவில்லை. இப்படி உணர்வு இழந்த கைக்குக் கண்ணே ஆசிரியராக அமைந்தது.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954 ஜனவரியில் கார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே அசைவை இழந்தார். அறுந்த தண்டுவடம் திரும்ப ஒட்டவில்லை. எத்தனை பயிற்சி செய்தாலும் எல்லாம் திரும்பும் என்று நாம் யாருக்கும் பொய் சொல்லக்கூடாது. உணர்வில்லாத இடுப்பின்மேல் சாயாமல் உட்காருவதையே குழந்தைபோல் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கற்றார், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் பயின்று திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். அங்கே 1966இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1986இல் அவர் காலமானார்.

மூன்றாமவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வி. எஸ். இராமச்சந்திரன். கை வெட்டப்பட்ட பிறகும் இல்லாத கை வலிக்கிறது என்பவர்கள் பலர். 1990களில் அவர் இதற்குக் கையாண்ட கருவி, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் சாதாரணக் கண்ணாடிதான். நல்ல கையைக் கண்ணாடிமுன் அசைத்தால், இழந்த கை அசைவதுபோல் தெரியும். சிலருக்கு வலி தணிந்தது. 1999இல் அவரும் உடன் ஆய்ந்தவர்களும் இதே முறையைப் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்தார்கள். வலுவிழந்த கை கண்ணாடிக்குப் பின்னால். கண் மட்டும் நல்ல கையின் பிம்பத்தில். இன்று பல நாடுகளில் பயிற்சியாளர்கள் மற்றப் பயிற்சிகளோடு சேர்த்து இதையும் செய்விக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே அளவில் பலிப்பதில்லை.

நம் வீட்டு நிலைமைக்கு வருவோம். பயன்படுத்தாத கையை மூளை மேலும் மறந்துவிடும் என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் மிகுதி. ஆனால் அதற்குப் பிறகும் கதவு மூடிவிடுவதில்லை. எண்ணெய் தேய்ப்பது சுகமாக இருக்கலாம். அது மட்டும் மூளைக்குப் பாடமாகாது. மங்கை எடுத்து வைப்பது, பொத்தான் போடுவது, கரண்டியை வாய்வரை கொண்டுபோவது என்று அவரே முயன்று செய்யும் வேலைதான் பாடம். கரண்டி பாதி வழியில் சிந்தினாலும், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் உடனே பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பது எளிதல்ல; நமக்கே கை துறுதுறுக்கும்.

பொது மருத்துவமனைகளில் இயன்முறைப் பயிற்சியும் தொழில்வழிப் பயிற்சியும் உண்டு. 1971இல் தொடங்கிய சொக்சோ நிறுவனம் 2014 முதல் மலாக்காவில் ஒரு மறுவாழ்வு மையத்தை நடத்துகிறது. சந்தா கட்டிய தொழிலாளி, தமக்கு அங்கே பயிற்சி பெற இடமுண்டா என்று சொக்சோ அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். போகும்போது வீட்டில் ஒருவர் கூடப் போய், பயிற்சியாளர் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் பழகி வருவது நல்லது. ஏனென்றால் அந்த ஆயிரம் முறையில் பெரும்பகுதி வீட்டுத் திண்ணையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது.