மொரீசியஸ் ரூபாயும் கூலிக்காரரின் உரிமையும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் மலரில் ஆப்பிரிக்கத் தீவு ஒன்றின் பணத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து 1880-களுக்குப் பின் கோலாருக்குப் பிழைக்க வந்தார்கள் நம் முன்னோர். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே சென்னையில் கப்பலேறி மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களும் நம்மவர்களே. இங்கே வெட்டிய தங்கம் லண்டனுக்குப் போய்ப் பவுனுக்கு முட்டுக்கொடுத்தது. வெட்டியவர் கைக்கு வந்ததோ வெள்ளி ரூபாய். அங்கே, ஆண்டது பிரிட்டனாக இருந்தும், பவுனைத் தள்ளிவிட்டு அந்த ரூபாயே நாட்டின் பணமாயிற்று. அதை நிலைநிறுத்தியது சட்டத்தைவிடக் கூலிக்காரரின் உழைப்பே என்பது என் வாதம்.

1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சுமார் நாலரை லட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவில் இறங்கினர். ஆண் கூலிக்கு மாதம் 5 ரூபாயும் அரிசி, பருப்பு, உப்புப் படியும் என்று ஒப்பந்தம் தொடங்கியது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கும் 'இரட்டைப் பிடித்தம்' அந்த ஐந்தையும் அரித்துத் தின்றது. 1861-இல் தீவின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இந்தியரே. ரூபாயை நாட்டின் பணமாக்க 1876-இல் வந்த சட்டம், ஏற்கெனவே ஊரெல்லாம் புழங்கிய காசுக்கு முத்திரை குத்தியது, அவ்வளவுதான். இந்தியாவோடு வாணிகம் செய்த வணிகரின் வசதிக்காகத்தானே ரூபாய் வந்தது என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த வாணிகத்தில் பெரும்பங்கான அரிசி யார் வயிற்றுக்கு வந்தது? தோட்ட முதலாளிக்கும் ஆதாயம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1870-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய், வெள்ளி விலை சரிந்ததால் 1893-க்குள் ஒன்றேகால் ஷில்லிங்காயிற்று. மலிந்த வெள்ளியில் கூலி கொடுப்பது யாருக்குக் கசக்கும்? கூலிக்காரர் கொண்டுவந்த பணமே அவர்களுக்கு எதிராகவும் வேலை செய்தது. இதனால் என் வாதம் தளரவில்லை. அந்தப் பணத்துக்கு அவர்கள் கொடுத்த விலைதான் கூடுகிறது.

மொரீசியஸ் ரூபாய் நோட்டுகளில் இன்றும் தமிழ் இருக்கிறது. நூறு ரூபாய் நோட்டில் இருப்பது, அமைச்சராயிருந்து 1958-இல் மறைந்த தமிழ் வழக்கறிஞர் ரெங்கநாதன் சீனிவாசனின் படம். 1998-இல் மத்திய வங்கி வெளியிட்ட புதிய நோட்டுகளில், ஆங்கிலத்துக்கு அடுத்து நின்ற தமிழ் இந்திக்குக் கீழே இறங்கியது. தமிழர் கொதித்தெழுந்தனர், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையோடு மறுபடி அச்சாயின. வீட்டில் கிரியோல் பேசுகிறவர்களுக்கு எழுத்தின் வரிசையில் என்ன வந்தது என்று கேட்போர் உண்டு. பிரெஞ்சுக்காரர் லபூர்தொனே தீவின் ஆளுநராயிருந்த 1730-களிலேயே புதுச்சேரியிலிருந்து போன தமிழ்க் கைவினைஞர் தலைநகர் போர்ட் லூயியைக் கட்ட உழைத்தனர். பேச்சு மாறியதால் அந்த உழைப்பு இல்லையென்று ஆகிவிடாது. போஜ்புரி பேசி வந்த வட இந்தியருக்கும் இதே உரிமை உண்டு. அவர்களோடு போட்டியிட்டு எழுந்ததல்ல இந்தக் கோபம். நெடுநாள் இருந்த இடத்தைப் பறித்ததே தமிழரைச் சுட்டது.