கூரை ஒழுகுகிறதா? முதலில் வடிகாலைப் பாருங்கள்
மடக்குக்கூரை கார்களில் மழைநீர் தேங்குவதும் அதைச் சரிசெய்யும் முறையும்

இரவெல்லாம் மழை. காலையில் காரின் கதவைத் திறந்தால் காலடி கார்பெட் சொதசொதவென்று ஈரமாக இருக்கிறது. கூரையோ துணிக்கூரை. பார்த்தவர் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "துணி கிழிந்திருக்கும், புதுக்கூரை போட்டுவிடுங்கள்."

பணத்தைக் கொட்டிப் புதுக்கூரை போட்ட பிறகும் அடுத்த மழையில் கார்பெட் நனைந்தால், குறை கூரையில் இல்லை என்று பொருள். இவ்வகைக் கார்களில் உள்ளே தண்ணீர் தேங்குவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது, இருக்கைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இரண்டு சிறிய வடிகால்களில் இலையும் மண்ணும் அடைத்துக்கொள்வதுதான். பெரும்பாலும் ஒரு கிண்ணம் தண்ணீரும் இரண்டு முழத்துக்குச் சற்று அதிகமான நைலான் இழையும் இருந்தால், அதை வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம்.

வடிகால் எதற்கு?

கூரையை மடக்கித் திறக்கக்கூடிய கார்களில், கூரையின் பின் ஓரத்துக்கும் காரின் இரும்பு உடலுக்கும் இடையே முழுமையாக ஒட்டி அடைக்க முடியாத இடைவெளி இருக்கும். கூரை மடங்க வேண்டுமே! ஆகவே, அந்த வழியாகக் கொஞ்சம் தண்ணீர் இறங்கும் என்பதை வடிவமைப்பாளர்கள் ஏற்றுக்கொண்டே காரைக் கட்டுகிறார்கள். இறங்கும் நீரைப் பிடித்து, குழாய் வழியாகக் காருக்கு அடியில் விட்டுவிடுவதுதான் ஏற்பாடு.

ஓட்டு வீட்டில் கூரை ஓரத்தில் தகரப் பீலி வைத்து, மழைநீரைக் குழாயில் இறக்கிக் கால்வாயில் விடுவதைப் போன்றதுதான் இதுவும். பீலியில் இலை அடைத்தால் தண்ணீர் வழிந்து வீட்டுச் சுவரை நனைக்கும். காரில் அது கார்பெட்டை நனைக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பார்க்கலாம். 1989இல் அறிமுகமான இந்த இரண்டு இருக்கை கார், ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. உலகில் மிக அதிகமாக விற்ற இரண்டு இருக்கை விளையாட்டுக் கார் என்ற கின்னஸ் சாதனையும் இதற்கு உண்டு.

இதன் கூரையின் பின் ஓரத்துக்குக் கீழே ஒரு நீண்ட பீலி இருக்கிறது. பின்கண்ணாடிப் பக்கமாக இறங்கும் நீரை அது பிடித்து இரு ஓரங்களுக்கும் அனுப்பும். ஓட்டுநர் பக்கம் ஒன்று, பயணி பக்கம் ஒன்று என இருக்கைவார் பொருத்தப்பட்டுள்ள தூணுக்கு அருகே இரண்டு துளைகள் உள்ளன. அங்கிருந்து குழாய் வழியாக இறங்கும் நீர், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் வெளியேறும். 2005க்குப் பிந்தைய மாடல்களில் துளையின் மேல் கழற்றிக் கழுவக்கூடிய ஒரு சிறிய வடிகட்டியும் இருக்கிறது. குப்பை அந்த வடிகட்டியிலேயே நின்றுவிடுவதால், அதைக் கழுவினாலே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

அடைப்பு எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் மழைக்கும் பஞ்சமில்லை, மரத்துக்கும் பஞ்சமில்லை. நிழலுக்காகக் காரை மரத்தடியில் நிறுத்துவது நம் வழக்கம். தூங்குமூஞ்சி மரத்தின் சின்னஞ்சிறு இலைகளும், அங்சானா மரத்தின் மஞ்சள் பூக்களும் கூரையின் மடிப்பில் விழுந்தால் நேராகப் பீலிக்குள் போய்விடும். தோட்டப் பகுதிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பால்மரங்கள் இலை உதிர்க்கும். அந்த இலை முழுதாகத் துளைக்குள் போகாது. ஆனால் காய்ந்து நொறுங்கிய தூள் போகும். செம்மண் சாலையின் தூசியும் அதனுடன் சேர்ந்து ஈரமானால் களிமண் உருண்டைபோல் இறுகிவிடும்.

நெடுநாள் ஓட்டாமல் நிறுத்திவைத்த காரில் எறும்பும் பூச்சியும் கூடு கட்டுவதும் உண்டு. துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பாகத்தில் பூசும் கறுப்புப் பூச்சு, குழாயின் வெளிவாயை மூடிவிடுவதும் நடக்கிறது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

கார்பெட்டுக்கு அடியில் தடித்த பஞ்சு விரிப்பு இருக்கிறது. மேலே கார்பெட் காய்ந்துவிட்டதுபோல் தெரிந்தாலும், இந்தப் பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். முதலில் மக்கிய வாடை வரும். காலையில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். பிறகு பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் ஏறும் காரில் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

அடுத்தது துரு. கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஓடும் பெட்டி போன்ற இரும்புப் பகுதி, மடக்குக்கூரை காரின் முதுகெலும்பு. இரும்புக்கூரை இல்லாத குறையை ஈடுகட்டி, காரை வளையாமல் தாங்குவது அதுதான். பழைய எம்எக்ஸ்-5 கார்களில், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள அந்தப் பகுதிதான் அதிகமாகத் துருப்பிடிக்கும் இடம். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே இரும்பு ஏற்கெனவே அரித்துப்போயிருக்கும். விபத்தில் உயிரைக் காக்க வேண்டிய பகுதி என்பதால் இது அழகு சார்ந்த பிரச்சினை மட்டும் அல்ல.

மூன்றாவது மின்சாதனங்கள். போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறையில், திருட்டைத் தடுக்கும் பூட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கைக்கு அடியில் தரையில் இருக்கிறது. அங்கே தண்ணீர் தேங்கினால் கார் கிளம்பாமல் போகலாம். பிஎம்டபிள்யூ இசட்4 காரின் முதல் தலைமுறையில், கூரையைத் தானாக மடக்கும் மோட்டார் வடிகால் குழிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. வடிகால் அடைத்தால் அந்த மோட்டார் மூழ்கிப் பழுதாகும். சிறு குழாயில் சேர்ந்த குப்பை, பெரிய செலவாக வந்து நிற்பது இப்படித்தான்.

வடிகால்தானா என்று அறிவது எப்படி?

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். கூரையின் முன்பூட்டை விடுவித்துப் பாதி தூக்குங்கள். இருக்கையை முன்னால் தள்ளி, டார்ச் விளக்கால் இருக்கைவார் தூணின் பக்கம் பாருங்கள். துளை தெரியும். மாடலுக்கு மாடல் இடம் சற்று மாறும் என்பதால் காரின் கையேட்டையும் பார்ப்பது நல்லது.

இப்போது அரைக் கிண்ணம் தண்ணீரை மெதுவாகத் துளையில் ஊற்றுங்கள். கூடவே ஒருவரைப் பின்சக்கரத்தின் முன்னால் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சில நொடிகளில் தண்ணீர் கீழே ஒழுகினால் அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. துளையிலேயே தேங்கி நின்றால் முழு அடைப்பு. அதற்கு மேல் ஊற்றாதீர்கள். இரண்டு பக்கத்தையும் சோதித்து ஒப்பிடுங்கள்.

இரு பக்கமும் நன்றாக வடிந்தும் கார் நனைகிறது என்றால், அப்போது துணியையும் கதவுக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரையும் சந்தேகிக்கலாம்.

அடைப்பை நீக்கும் முறை

1. கண்ணுக்குத் தெரியும் குப்பையை முதலில் மேலே எடுங்கள். விரல், பழைய கரண்டி, வேக்யூம் எதுவானாலும் சரி. இதைச் செய்யாமல் தண்ணீரை ஊற்றினால் குப்பையை நாமே குழாய்க்குள் தள்ளுகிறோம்.

2. வடிகட்டி உள்ள மாடலானால், அதைக் கழற்றிச் சவர்க்கார நீரில் கழுவுங்கள்.

3. புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் இழை இந்த வேலைக்குப் பொருத்தமானது. வளைந்து கொடுக்கும், குழாயைக் குத்தாது. சுமார் ஒரு மீட்டர் வெட்டி, நுனியை நெருப்பில் லேசாகக் காட்டி மழுங்கச் செய்து ஆறவிடுங்கள்.

4. இழையைத் துளைக்குள் விட்டு, விரலால் திருகிக்கொண்டே மெல்ல இறக்குங்கள். தடுத்தால் முட்டித் தள்ளாமல், சற்று வெளியே இழுத்து மீண்டும் திருகுங்கள்.

5. கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, சில நிமிடம் ஊறவிட்டு மறுபடியும் இழையை இறக்குங்கள். இறுகிய மண் இளகும். கொதிநீர் வேண்டாம்.

6. கீழே கறுப்பு நீர் வந்து, பிறகு தெளிந்த நீராக மாறும்வரை தொடருங்கள்.

மேலிருந்து செய்தும் போகவில்லை என்றால் அடைப்பு வெளிவாயில் இருக்கலாம். அதைக் கீழிருந்து சுத்தம் செய்ய வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். தாங்கிகள் இல்லையென்றால் பட்டறையில் காரைத் தூக்கிவைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

துணி மாட்டும் கம்பியை நிமிர்த்திக் குத்துவது பலர் செய்யும் வேலை. பழைய ரப்பர் குழாய் அதில் கிழிந்துவிட்டால், தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் காரின் உடலுக்குள்ளேயே இறங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கசிவு, அடைப்பைவிட மோசம்.

பட்டறைக் கம்ப்ரசரின் முழு அழுத்தக் காற்றும் ஆபத்து. இணைப்பிலிருந்து குழாய் கழன்றுகொள்ளும். மீண்டும் மாட்ட உள்பாகங்களைப் பிரிக்க வேண்டியிருக்கும். வீட்டுக் கழுவுதொட்டி அடைப்புக்கு ஊற்றும் இரசாயனத்தைக் காரில் ஊற்றாதீர்கள். அது இரும்பையும் பெயின்ட்டையும் தின்னும்.

ஒழுகும் இடம் என்று நினைத்துக் கண்ட இடத்தில் சிலிக்கோன் பூசுவதும் தவறு. வடிகாலுக்குப் போக வேண்டிய நீரை அது மறித்து வேறு இடத்துக்குத் திருப்பிவிடும்.

நனைந்த காரை உலர்த்துவது

வடிகால் சரியானதும் வேலை முடிந்தது என்று விடாதீர்கள். கார்பெட்டைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சைக் கையால் அழுத்திப் பாருங்கள். நீர் பிழிந்தால் வெளியே எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால், அடியில் கட்டைவைத்து உயர்த்தி, காற்றாடியை இரண்டு மூன்று நாள் ஓடவிடுங்கள். தரை இரும்பில் துருப்புள்ளி தெரிந்தால் அப்போதே தேய்த்துப் பூச்சடியுங்கள்.

இருக்கையைக் கழற்ற நேர்ந்தால் அதன் அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பொதுவாக அவை காற்றுப்பை மின்கம்பிகள். அவற்றைத் தொடும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

சாதாரணக் காருக்கும் இது பொருந்தும்

மடக்குக்கூரை கார் இல்லாதவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. எல்லாக் கார்களிலும் மழைநீருக்கு வடிகால் இருக்கிறது.

முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் விழும் நீர் இரு ஓரங்களிலும் வடிகிறது. அங்கே இலை குவிந்தால், காற்று உள்ளே வரும் வழியாகத் தண்ணீரும் வரலாம். பொனெட்டைத் திறந்து கையால் அள்ளினாலே போதும். கதவின் அடிவிளிம்பிலும் சிறு துளைகள் உண்டு. கதவை அசைக்கும்போது உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால் அவை அடைத்திருக்கின்றன.

கூரைக் கண்ணாடி உள்ள கார்களில் அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்கள் வழியாக இறங்குகின்றன. உள்கூரையின் மூலையில் கறை தெரிந்தால் அவற்றைச் சோதிக்க வேண்டும்.

மழையே இல்லாத நாளில், ஏர்கோன் போட்டு ஓட்டிய பிறகு முன்இருக்கைக் காலடி நனைந்தால், அது ஏர்கோன் தண்ணீர் வெளியேறும் குழாயின் அடைப்பாக இருக்கலாம். மழைக்குப் பின் நனைகிறதா, ஏர்கோனுக்குப் பின் நனைகிறதா என்று குறித்துவைத்துப் பட்டறையில் சொன்னால், தேவையில்லாத செலவு குறையும்.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

சேமிப்பைப் போட்டுப் பழைய மடக்குக்கூரை கார் வாங்க நினைக்கும் இளைஞர்கள், இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் கதவை மூடிக்கொண்டு உள்ளே ஒரு நிமிடம் உட்காருங்கள். மக்கிய வாடையும், அதை மறைக்கப் போட்ட அளவுக்கு மீறிய நறுமணமும் எச்சரிக்கைதான். இருக்கைக்குப் பின்னால் கார்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் கீழ்ப்பகுதியில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். உரிமையாளர் அனுமதித்தால் அரைக் கிண்ணம் தண்ணீர்ச் சோதனையையும் அங்கேயே செய்துவிடலாம்.

எப்போது செய்வது?

மரத்தடியில் நிறுத்தும் காருக்கு மாதம் ஒருமுறையும், மற்றவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குவதால் அக்டோபரில் ஒரு முழுச் சுத்தம் அவசியம். கிழக்குக் கரை மாநிலங்களில் இருப்போர் இதைத் தள்ளிப்போட வேண்டாம். பால்மர இலையுதிர்வு முடிந்த பிறகு தோட்டப்புற வாசகர்கள் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. காரைக் கழுவும் நாளிலேயே இதையும் சேர்த்துக்கொண்டால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.